கொம்பு எந்தப் பக்கம், பேராண்டி?

மாசம் பொறந்து அஞ்சாம் தேதி ஆச்சுன்னா ஒன் போன் ஒரு சத்தம் போடுது. ஒடனே ஒன் மூஞ்சி வேப்பங்காயக் கடிச்ச மாதிரி ஆயிருது. ஆறு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வயசுப் பையன், ஏதோ பொண்ணு வெவகாரமா இருக்கும், நாம ஏன் வாயக் குடுக்கணும்னு இருந்துட்டேன். நேத்து ஒங்கம்மாதான் சொன்னா: “பொண்ணுமில்ல கிண்ணுமில்ல மாமா, போட்டோஷாப்புக்கு வாடகை போவுது.”

அடப் பாவி. வாடகையா?

‘என்னோட சாஃப்ட்வேர், என்னோட சாஃப்ட்வேர்’னு கூட்டாளிககிட்ட நெஞ்ச நிமித்திப் பேசுதியே, நானும் சொந்தம்னுல்லா நெனச்சேன். நம்ம ஊர்ல குத்தகைக்கு உழுதவன் எவனும் ‘என் நெலம்’னு சொன்னதில்ல. ‘மொதலாளி நெலத்த நான் பாக்கேன்’பான். அவனுக்கு இருந்த நாணயம் ஒனக்கு இல்லாமப் போச்சே.

கோவிச்சுக்கிடாத, உக்காரு. கோவில்பட்டிக்குக் கெழக்க கரிசக்காட்டுல கெடந்தவன், ஐதராபாத்துல இந்த ஜீடிமெட்லாவுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. எனக்கு இந்த ஊர்ல பேச ஆளும் இல்ல. நாம வீட்டுல பேசுறது தெலுங்குதானே, சமாளிச்சுக்கிடலாம்னு ஷாபூர் நகர் சந்தைக்குப் போய் வாயத் தொறந்தேன். காய்காரம்மா என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு, பக்கத்துக் கடைக்காரியக் கூப்பிட்டு, ‘இன்னொரு தடவ சொல்லுங்க’ன்னா. எந்தக் காலத்துலயோ தெக்க வந்தபோது மூட்டை கட்டிக் கொண்டுவந்த தெலுங்கு நம்மளது. நடுவுல யாரும் புதுசு வாங்கிப் போடல. ஆனா ஒண்ணு கவனிச்சியா? அதுக்கு மாச வாடகை கெடையாது. இன்னைக்கும் தெறக்குது.

இப்ப நீ என்ன நெனைக்கன்னு எனக்குத் தெரியும். கெழவன் அடுத்தாப்ல ‘கருவி முக்கியமில்ல, கைதான் முக்கியம்’னு ஆரம்பிக்கப் போறான்னு. நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். அதச் சொல்லுதவன் ஏர் பிடிச்சவனா இருக்க மாட்டான். கரிசலுக்கு ஒரு கலப்பை, செவக்காட்டுக்கு ஒரு கலப்பை. மேழி கைக்கு ஒரு வெரக்கடை ஒசந்துட்டாலும் பொழுது சாயுததுக்குள்ள இடுப்பு போயிரும். கருவி முக்கியந்தாம்ல. ஆனா கொழு மழுங்கிட்டா நான் எங்க போவேன்? நாலு வீடு தள்ளி பட்டறை. தட்டி, காய்ச்சித் தருவாரு. அறுப்பு முடிஞ்சா களத்துல அவருக்கு ஒரு பங்கு தானியம். ஒங்கப்பனப் பாரு. முப்பது வருசத்துக்கு முன்னால இங்க வந்து லேத்துல நின்னவன். டூல் பிட்ட அவனே கல்லுல வச்சுத் தீட்டிக்கிடுவான். இந்தா பக்கத்துல பாலாநகர்ல, கருவி செய்யக் கத்துக்குடுக்கதுக்குன்னே 1968ல சர்க்கார் ஒரு நிறுவனம் வச்சிருக்கு. தெருவுக்குத் தெரு கருவி செய்யுத ஊர்ல ஒக்காந்துக்கிட்டு நீ மட்டும் கருவிய வாடகைக்கு எடுத்திருக்க. அதான் எனக்குச் சிரிப்பு.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்க. ராத்திரி சாப்பிடும்போது நீ ஓடவிடுத வீடியோவ நானுந்தானே கேக்கேன். ‘பத்து சிறந்த சாஃப்ட்வேர்’, ‘எது பெஸ்ட்’, ‘எத வாங்கக் கூடாது’. நீ சோத்தப் பாக்கதில்ல, நான் வீடியோவப் பாக்கதில்ல. காது சும்மாத்தானே இருக்கு.

அந்தப் போட்டோஷாப்ப அண்ணன் தம்பி ரெண்டு பேரு செஞ்சாங்களாமே, தாமஸ் நோல், ஜான் நோல்னு. 1987ல ஆரம்பிச்சு, 1990ல அடோபி மூலமா விக்க வந்துச்சு. அண்ணன் தம்பி ஒத்துமையா ஒரு காரியம் செஞ்சாங்கன்னு கேட்டதும் எனக்கு அதும்மேல ஒரு மரியாதை வந்துருச்சு. நம்ம வீட்டுல வரப்புக்கே வெட்டுக்குத்து. அந்த லேயருங்குத அடுக்கு வந்தது 1994லயாம். அதுக்கு முன்னால எல்லாம் ஒரே பரப்புதான், செவத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. அதவிட எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. 1998 வரைக்கும் தப்பு பண்ணினா ஒரே ஒரு தடவைதான் பின்னால போக முடியுமாம். அப்புறம் இருபது அடி. இப்ப அவங்களா வச்சுக் குடுக்கதே ஐம்பது. ஒங்கப்பன் தலைமுறைக்கு ஒரு மன்னிப்பு, ஒனக்கு ஐம்பது. அப்படியும் நீ அந்த மருந்துப்பெட்டி அட்டைய மூணு நாளா வரைஞ்சுக்கிட்டே இருக்க.

எல்லாம் நல்லாத்தான் போயிருக்கு. 2012 வரைக்கும் துட்ட வச்சா பெட்டியத் தூக்கிட்டு வந்துரலாம். 2013ல அடோபிக்காரன் பெட்டிய நிறுத்துதேன், இனிமே மாசாமாசம் குடுன்னுட்டான். வித்த காட்டத் திருப்பி வாங்கிக்கிட்டு, உழுதவனையே குத்தகைக்கு உக்கார வச்சுட்டான். கெட்டிக்காரன். நம்ம ஊர் வட்டிக்காரன் இதக் கேட்டிருந்தா ரெண்டு கையும் எடுத்துக் கும்புட்டிருப்பான்.

சரி, வாடகைக்குத்தான் எடுத்த. அதுலயாவது ஒழுங்கா உழுதியா? இந்த வருசக் கொடைக்கு நான் ஊருக்குப் போனப்பப் பாத்தேனே, நீ போட்ட பிளக்ஸு, அத நெனைச்சா எனக்கு இன்னும் வயிறு வலிக்குது.

காளியம்மன் கோயில் கொடைக்குப் பன்னெண்டு அடி பிளக்ஸ். ஊர் பூராவும் வாசல்ல நின்னு பாக்கு. அம்மன் படம் பிரமாதம், நான் ஒத்துக்கிடுதேன். நம்ம மயிலைக் காளை படமும் பரவாயில்ல. ஆனா ‘கொடை’ங்குத எழுத்து? கானாவுக்கு முன்னால நிக்க வேண்டிய கொம்பு, பின்னால போய் காலோட ஒட்டிக்கிட்டு நிக்கி. நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வேற. ஊர்க்காரன் ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமா? “ஒம்ம பேரன் ஐதராபாத்துல டிசைனர்னீரே, மாட்டுக்குக் கொம்பு எங்க இருக்கும்னு தெரியாமலா வளத்தீரு?” நான் தலையக் குனிஞ்சுட்டேன். அதுக்கப்புறம்தான் நீ எனக்குப் போன்ல வெளக்கம் சொன்ன. போட்டோஷாப்புக்கு நம்ம எழுத்தக் கோக்கத் தெரியணும்னா உள்ள போய் ஒரு எடத்துல மாத்தி வைக்கணுமாம். முன்னால அந்த எடத்துக்குப் பேரு ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’னு இருந்துச்சாம். அரபுக்காரனையும் நம்மளையும் ஒரே வண்டியில ஏத்தியிருக்கான். அதத் தட்டாம விட்டா எழுத்து ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்கு நிக்கும், பூட்டாங்கயிறு அறுந்த மாடு மாதிரி. மாசம் தவறாம வாடகை வாங்குதவனுக்கு, குடியிருக்கவன் பேச்சு என்னன்னு வாசல்லயே கேக்கத் தெரிஞ்சிருக்கணுமில்ல?

அதுக்கு அப்புறம் நடந்தது இன்னும் கூத்து. நீ திருத்தி அனுப்புன, பிளக்ஸ் கடைக்காரன் தெறந்தான், எழுத்து மறுபடி கட்டம் கட்டமா வந்துச்சு. அவங்கிட்ட இருக்கது கோரல்டிரா. 1989ல கனடாவுல பொறந்த சாமானாம். நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து எல்லாம் அதுல அடிக்காம நடக்காது. ‘தம்பிய கர்வ் பண்ணி அனுப்பச் சொல்லுங்க’ன்னான். எழுத்த எழுத்தா அனுப்பாம கோடா மாத்தி அனுப்பணும். அப்பத்தான் எந்தக் கடையில போட்டாலும் கொம்பு நகராது. பத்தாங்கிளாஸ் தாண்டாத பையன். ஒனக்குப் பாடம் எடுத்துட்டான். நீ படிச்ச படிப்புக்கு ஒங்கப்பன் வாங்குன கடன் இன்னும் முடியல.

இதே கொடைய இங்க்ஸ்கேப்னு ஒண்ணுல அடிச்சுக் காட்டுனியே, நெனவிருக்கா? எதையும் தட்டல, எதையும் மாத்தல, கொம்பு தானா வந்து முன்னால நின்னுச்சு. ‘எவ்வளவு வாடகை’ன்னேன். ‘சும்மாதான் தாத்தா’ன்ன. சும்மா குடுக்கான்னா ஏன் குடுக்கான்னு கேளுன்னு நான் சொன்னதும், நீ மழுப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்ட. விடுவேனா? கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதே மாதிரி சும்மாக் கெடைக்குத பிளெண்டர்னு ஒரு படஞ்செய்யுத சாமான், அதோட கதையக் கேட்டப்பதான் எனக்கு வெளங்குச்சு. டச்சுக்காரன் ஒருத்தன், டான் ரோசெண்டால்னு பேரு, 1994லருந்து கொத்திக் கொத்தி ஒரு சாமான் செய்யுதான். கம்பெனி வைக்கான். 2002ல கம்பெனி படுத்துருது. துட்டுப் போட்டவங்க கையில சாமான் மாட்டிக்கிடுது. பூட்டிப் போட்டாச்சு, யாருக்கும் பிரயோசனமில்ல. அவன் போய் ‘எவ்வளவு குடுத்தா விடுவிய’ன்னு கேக்கான். ஒரு லட்சம் யூரோங்காங்க. ஊரக் கூட்டி, தலைக்கட்டு வரி பிரிச்ச மாதிரி பிரிச்சிருக்கான். ஏழே வாரம். துட்டக் கொண்டு போய் மேசையில வச்சு, சாமான மீட்டு, 2002 அக்டோபர் 13ஆம் தேதி ‘இந்தா, எல்லாருக்கும் பொது’ன்னுட்டான். ஏலே, இது கண்மாய்டே! ஊர்க் கண்மாய் மாதிரி. யாரும் தண்ணி எடுக்கலாம், யாரும் மராமத்துப் பாக்கலாம், எவனும் பட்டா போட முடியாது. அந்தக் கண்மாய்த் தண்ணியிலதான் லாத்வியா தேசத்துப் பையன் ஒருத்தன், கின்ட்ஸ் சில்பாலோதிஸ், ‘ஃப்ளோ’ன்னு ஒரு பூனைப்படம் எடுத்து, 2025ல ஆஸ்கார் வாங்கிட்டான். பூனை ஒரு வார்த்த பேசலயாம் படம் பூரா. ஒனக்கும் அதே பிளெண்டர்தான். நீ தெறந்ததும் ஒரு கட்டி வருது, அத அழிக்க. அப்புறம் சுசான்னு ஒரு கொரங்குத் தலையக் கொண்டு வந்து வைக்க. அதுக்கு வெளிச்சம் போடுத, மினுக்குத, சுத்தி சுத்திப் பாக்க. நாலு மாசமா இந்த வீட்டுல அந்தக் கொரங்கு ஒண்ணுதான் வேல பாத்துக்கிட்டு இருக்கு.

கண்மாய்னாலும் கொறை இல்லாம இல்ல. அதுக்குள்ளயும் நம்ம கொம்பு அடங்கலன்னு, இங்க்ஸ்கேப்ல எழுதி, கோடா மாத்தி, பிளெண்டருக்குள்ள ஓட்டிட்டுப் போனியே, அத நான் பாத்தேன். அன்னைக்குத்தான் ஒன்னையக் கொஞ்சம் வெவசாயின்னு மதிச்சேன். அங்கன இல்லாதத இங்கன எடுத்து ஓட்டிக்கிடணும்.

படம் வரைய நீ கேட்டியே அந்த ஆஸ்திரேலியாக்காரன் சாமான், தாஸ்மானியாவுல செய்யுதான், புரோகிரியேட். 2011ல வந்தது. ஒரே தடவை துட்டு, மாச வாடகை இல்ல. நேர்மையான ஆளுன்னு நெனச்சேன். அதுக்கு ஐபேட் வேணும்னு நீ இழுத்தப்பத்தான் புரிஞ்சுச்சு. சேணம் மலிவு, குதிரைதான் வெல.

அடுத்தவன் சாமான்ல இன்னொரு சள்ளை இருக்கு, அத நீயே அனுபவிச்ச. பள்ளிக்கூடத்துல படிக்கும்போது காக்கா நரிக் கதைய ஃபிளாஷ்ல ஆடவிட்டியே. காக்கா வாயத் தொறந்ததும் வடை விழும், நான் பத்து தடவ போடச் சொல்லிப் பாத்தேன். 2020 டிசம்பர் 31ஓட அத அடோபி மூடிட்டான். அன்னையிலருந்து ஒன் காக்கா வாயத் தொறக்கல. வடையும் அதுட்ட, நரியும் அங்கனயே நிக்கி. ரஃபிள்னு எவனோ ஒரு புண்ணியவான் சும்மா செஞ்சு குடுத்தத வச்சு, போன மாசந்தான் திருப்பித் தெறந்த. குதிர்ல போட்ட வெத நெல்ல எடுக்க, குதிர் வித்தவனக் கேக்க வேண்டியிருக்கு பாத்துக்க.

இந்தத் தெலங்கானாக்காரங்களயே பாரேன். சித்திப்பேட்டைப் பக்கம் சேரியால்னு ஒரு ஊரு. துணியச் சுருள் சுருளா வச்சு வரைவாங்க. கதர்த்துணிக்குப் புளியங்கொட்டைப் பசை, அரிசிக் கஞ்சி, வெள்ளை மண்ணு பூசிக் காய வைக்கிறது. அணில் முடியில தூரிகை. பின்னால செக்கச் செவேல்னு செவப்பு. சுருள அவுக்க அவுக்கக் கதை மேலருந்து கீழ கட்டம் கட்டமா எறங்கும். கதை சொல்லுதவன் கம்பு வச்சுத் தொட்டுச் சொல்லுவான். நீ ‘ஸ்டோரிபோர்டு’ன்னு பெருமையாச் சொல்லுதது அதுதான். வித்தியாசம் என்னன்னா, புளியங்கொட்டை அஞ்சாம் தேதி போன்ல சத்தம் போடாது.

ஐதராபாத்துல இந்தத் தொழிலுக்குக் கொறைவில்லன்னு நீ சொல்லுததும் வாஸ்தவம். சோட்டா பீம் இந்த ஊர்ப் புள்ளதான். கிரீன் கோல்டுக்காரங்க 2008ல டிவியில விட்டாங்க. 2012ல ‘நான் ஈ’ படத்துக்கு அந்த ஈய ஆடவிட்டது இங்கன உள்ள மகுட்டாக்காரங்க. ஈ மூஞ்சியில சிரிப்பையும் அழுகையையும் எங்க கொண்டு வர? முன்னங்கால வச்சே பேச வச்சான் பாரு, அவன் கட்டாயம் ஒரு ஈயப் பக்கத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்திருக்கணும். ஆனா இன்னொண்ணையும் நெனவு வச்சுக்க. ‘லைஃப் ஆஃப் பை’ புலிய ஆடவிட்ட ரிதம் அண்ட் ஹியூஸுக்கு இந்த ஊர்லயும் பட்டறை இருந்துச்சு. 2013 பிப்ரவரியில கம்பெனி திவால். அதே மாசம் ஆஸ்கார். பரிசு வாங்க மேடையில ஏறி அந்தத் திவால் தலைவலியச் சொல்ல ஆரம்பிச்சவர, சுறாமீன் படத்து மேளத்தப் போட்டு எறக்கி விட்டுட்டாங்க. வெள்ளாமை வீடு வந்து சேந்தா போதாது, வெல கெடைக்கணும். அது கரிசக்காட்டுக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல.

நடுவுல ஒரு சங்கதி. ‘ரெண்டர் பண்ணை’ன்னு நீ போன்ல பேசுனதக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோசம். பேரன் பண்ணை வைக்கப் போறான்னு ஒங்கம்மாகிட்டப் பூரிச்சுச் சொல்லிட்டேன். அப்புறம் பாத்தா கம்ப்யூட்டரா அடுக்கி, படத்த வேக வைக்குத எடமாம். சாணி இல்லாத பண்ணை.

சரி, காளைக்கு வருவோம். கொடைக்கு இருபது வினாடி வீடியோ செய்யுதேன்னு மயிலைக்கு எலும்பு மாட்டினியே, அந்த நடை. நான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல, ஒங்கம்மா பக்கத்துல இருந்தா. இப்பச் சொல்லுதேன். பின்னங்கால்ல நடுவுல பின்பக்கமா மடங்குதே, அத நீ முட்டின்னு நெனச்சு மாட்டியிருக்க. அது முட்டி இல்லடே, அது குதிகால். முட்டி மேல வயித்தோட ஒட்டி இருக்கு, தோலுக்குள்ள. அதான் ஒன் காளை கள்ளுக்கடையிலருந்து வாரவன் மாதிரி நடக்கு. ரெண்டாவது, நீ எடது முன்னங்காலையும் வலது பின்னங்காலையும் ஒண்ணாத் தூக்க வச்சிருக்க. அது ஓட்டம். நடையில அப்படி இல்ல. எடது பின்னங்கால், எடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். நாலும் தனித்தனியா விழும். முன்னங்கால் எடுத்த குளம்புத் தடத்துலயே பின்னங்கால் வந்து ஒக்காரும். நாப்பது வருசம் பின்னாலயே நடந்தவன் சொல்லுதேன், வேற எதப் பாத்துக்கிட்டு நடந்தேன்னு நெனைக்க? குதிரை ஓடும்போது நாலு காலும் தரையவிட்டு எழும்புமான்னு, 1878ல ஒருத்தன் அமெரிக்காவுல பன்னெண்டு கேமராவ வரிசையா வச்சுப் பிடிச்சானாம். எழும்புதுன்னு தெரிஞ்சுச்சாம். அவ்வளவு தொலைவு போக வேண்டாம், பக்கத்துல சுசித்ரா முக்குத் தாண்டி எருமைக போறதக் காலையில வந்து பாருன்னேன். நீ ‘ரெஃபரன்ஸ் டவுன்லோட் பண்ணிக்கிடுதேன் தாத்தா’ன்ன. இல்லன்னா தானாப் படம் வரையுத அந்த ஏஐ பொத்தான அமுக்கி உழவன் படம் வர வச்ச. கலப்பைக்கு முன்னால ஆள் நிக்கான், மாடு பின்னால தள்ளுது. அந்த ஊர்ல மாடு எவ்வளவு சொகமா இருக்கும்.

என்ன, வாடகைய நிறுத்தச் சொல்லுதேன்னு நெனைக்கியா? நிறுத்தாத. ஒன் மருந்துக் கம்பெனிக்காரன் அடோபி இல்லஸ்ட்ரேட்டர்லதான் கேக்கான், குடுக்கணுமில்ல. ஊர் மொதலாளி காட்ட உழு, கூலி வாங்கு. ஆனா மயிலைய மட்டும் அங்க கட்டாத. நாளைக்குத் துட்டுக் கட்டலன்னா தொழுவப் பூட்டிருவான், மாடு உள்ள நிக்கும்.

அப்புறம், அந்தப் பழைய லேப்டாப். காலையில தொட்டா சுடுது, எலி ஒயரக் கடிக்குது போலன்னு நேத்து பொறி கொண்டாந்து வச்ச. ஜீடிமெட்லாவுல எலிக்கு என்ன பஞ்சம்னு நானும் சொன்னேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல இங்க காத்துல ஒரு மருந்து வாடை வரும் பாரு, அந்த வாடைக்குத் தூக்கம் வராது எனக்கு. தூக்கம் வராதவன் என்ன செய்ய? நீ ஒதுக்கிப்போட்ட வாகாம் வரைபலகைய எடுத்தேன். பேனாவுல பாட்டரியே இல்ல, பலகையிலருந்தே உசிரு வாங்கிக்கிடுது, ஜப்பான்காரன் ஜப்பான்காரந்தான். லேப்டாப்புல கிரிட்டான்னு ஒண்ணு இருந்துச்சு. சுவீடன் பேச்சுல சுண்ணாம்புக்கட்டின்னு அர்த்தமாம், நமக்குத் தோதான பேரு. சும்மாக் கெடைக்குததுதான். அதுல வெங்காயத்தோல்னு ஒரு வசதி இருக்கு, ஒனக்கும் தெரிஞ்சிருக்கும். முந்தின படம் மங்கலா அடியில தெரியும், அதப் பாத்துப் பாத்து அடுத்தத வரையலாம். கை நடுங்குது, ஆனா நடுங்குன கோடு மாட்டுத் தோலுக்கு நல்லாத்தான் இருக்கு.

பன்னெண்டு படம் வரைஞ்சாச்சு. ஒவ்வொரு படத்தையும் ரெண்டு ரெண்டு தடவ காட்டினா ஒரு வினாடிக்கு அது போதும்னு ஒன் வீடியோக்காரன் சொன்னான். மயிலை நடக்கான். குளம்பு குளம்புத்தடத்துல விழுது. ஆனா வாலு மட்டும் எடதுபக்கம் போகுது, திரும்பி வரமாட்டேங்குது. ஈ ஒக்காந்துக்கிட்டே இருக்கு. அந்த ஒரு எடத்த மட்டும் வந்து காட்டிக் குடுத்துட்டுப் போ.

வரும்போது அந்தப் பொறிய எடுத்துரு. நேத்து பெருவிரல் தப்புச்சது அம்மன் புண்ணியம்.